ரத்தினபாயின் நாற்பத்தொரு அளவுகள்

என் மனைவி ரத்தினபாய் 2009 மே மாதம் பணி ஓய்வு பெற்றாள். துறையில் சின்னதாக ஒரு விழா எடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் "அமைதியானவர், கடமை தவறாதவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர்" என்றார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எல்லோரிடமும் அன்பாகப் பழகுகிற ஆளாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. பொன்னாடை, சுவர்க்கடிகாரம், மிக்சர், காபியோடு விழா முடிந்தது. 2006இல் நடந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி.

அவளுடைய வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அது புரியப் பல வருஷம் ஆனது. மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் வேலி போட்ட ஒரு சின்ன இடம். உள்ளே ஒரு மழைமானி, ஒரு ஓட்டுக் கொட்டகை, நடுவில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த வட்டமான செப்புத் தொட்டி. நாலடி அகலம், பத்தங்குல ஆழம். காக்காயும் நாயும் வாய் வைக்காமல் இருக்கக் கம்பிவலை மூடி, அதற்கொரு பூட்டு. ஏரித் தண்ணீர் ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிப் போகிறது என்பதை ஏரியில் இறங்கி அளக்க முடியாது. அதனால் இந்தத் தொட்டியில் அளக்கிறார்கள். தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய், அந்தக் குழாய்க்குள் ஓர் ஊசி. தினமும் காலை எட்டரை மணிக்கு, ஊசியின் முனையைத் தண்ணீர் தொடும்வரை அளவுக் குடுவையால் ஊற்ற வேண்டும். ஊற்றியது எவ்வளவோ, நேற்றிலிருந்து அவ்வளவு போயிருக்கிறது. அதை மில்லிமீட்டரில் பதிவேட்டில் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வாரத்துக் கணக்கைக் கார்டில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அரசாங்கச் சம்பளமா என்று நானே அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் சிரிக்க மாட்டாள். 2003 வறட்சியில் லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்றபோது, ஏரியில் மிச்சமிருந்தது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அவளுடைய எண்களை வைத்துத்தான் போட்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன்.

வேலையில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தண்ணீரில் விழுந்த பூச்சியையும் சருகையும் மற்ற நிலையங்களில் டீ வடிகட்டியால் அள்ளுவார்களாம். ரத்தினா கையால்தான் அள்ளுவாள். குழாயின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது, அது அடைத்துக்கொண்டால் மட்டம் தப்பாகக் காட்டும், விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்பாள். கையை விடுவதற்குமுன் கைப்பம்பில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை கழுவுவாள். சோப்பு போடவே மாட்டாள். சோப்பு துளி கலந்தாலும் அளவு கெடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நாம் சாப்பிடுவதற்குமுன் கை கழுவுவோம், இவள் தொட்டிக்காகக் கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அவளுக்காகவே நாங்கள் சர்ச்சில் முதல் ஆராதனையை விட்டுவிட்டுப் பத்து மணி ஆராதனைக்குப் போகிற குடும்பம்.

2006 ஆகஸ்டில் சிக்குன்குனியா வந்தது. அந்த வருஷம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் கூன் விழுந்தவர்கள்போல் நடந்தார்கள். முதலில் நான் படுத்தேன். மூன்றாம் நாள் ரத்தினாவுக்கு வந்தது. நிலையத்து வாட்ச்மேன் கிட்டுவுக்கும் வந்து, அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஒன்றரை மாதம் அந்த வேலிக்குள் அவளைத் தவிர ஆள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டுவலி விடவில்லை. அவளுடைய விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் நின்றன. டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நிலையம் ஒரு கிலோமீட்டர்தான். முன்பெல்லாம் எட்டே காலுக்குக் கிளம்புவாள். அப்போது ஏழு மணிக்கே கிளம்பினாள். நான் மாத்திரை மயக்கத்தில் உள்ளறையில் கிடந்தேன். கேட் சத்தம் சில நாள் காதில் விழும், சில நாள் விழாது.

பக்கத்து வீட்டு ஜஹானாராதான் அந்தச் சமயத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டாள். அவள் கணவர் கரீமுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஃபேன்சி ஸ்டோர். ஜஹானாரா வீட்டு மாடியில் ஷெட் போட்டு பியூட்டி பார்லர்களுக்கு கோல்டு கிரீம் செய்து கொடுப்பாள். ரத்தினாவின் விரல்களைப் பார்த்துவிட்டு அவளே ஒரு வலி மருந்து தயார் செய்து சின்ன டப்பாவில் கொண்டுவந்தாள். கற்பூரம், மெந்தால், ஸ்பிரிட், அது கெட்டியாக நிற்பதற்குக் கிரீமில் போடுகிற வெள்ளை மெழுகுச் செதில். பூசினால் ஸ்பிரிட் பறந்துபோய் விரலில் மெல்லிசாக வெள்ளை படியும். அரை மணியில் விரல் ஓரளவு மடங்கும்.

ரத்தினா அதை அப்படியே வாங்கிப் பூசிவிடவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை என்றாள் ஜஹானாரா. அதையும் நம்பாமல், மருந்து பூசிய விரலை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய் இருந்தால் வானவில்போல் நிறம் ஓடும். ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் தினமும் காலையில் பூசிக்கொண்டு போனாள், கைப்பம்பில் வெறும் தண்ணீரில் கழுவினாள், தொட்டிக்குள் கையை விட்டாள்.

செப்டம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, மெமோ வந்தது. உதவிச் செயற்பொறியாளர் ஏகநாதன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகஸ்ட் பத்து முதல் செப்டம்பர் பத்தொன்பது வரை நாற்பத்தொரு நாள் அளவுகளில் பெரும்பாலானவை பக்கத்து நிலையத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கின்றன. அங்கே ஆறும் ஆறரையுமாக இருந்த நாட்களில் இங்கே நாலு. ஆகவே அளவுகள் நிலையத்துக்கு வராமலே எழுதப்பட்டவை எனக் கருத வேண்டியுள்ளது. "செப்டம்பர் 2, 3, 4 ஆகிய மூன்று நாட்களில் மட்டுமே அளவு நேரில் எடுக்கப்பட்டதாகத் தெரிகிறது." ஏழு நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் எல்லா அளவுகளும் நீக்கப்படும், பணிப் பதிவேட்டிலும் குறிக்கப்படும்.

ரத்தினா அதைப் படித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தாள். மூன்று வருஷத்தில் ஓய்வு. பதினேழு வருஷத்தில் ஒரு நாள் எட்டரை மணி தவறியதில்லை. அந்தப் பதினேழு வருஷமும் இந்த ஒரு காகிதத்தால் பொய்யாகிவிடும், ஏனென்றால் நாற்பத்தொரு நாளை வீட்டிலிருந்து எழுதியவள் மற்றதையும் அப்படித்தான் எழுதியிருப்பாள் என்று எவனும் நினைப்பான்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எவனும் என்று எழுதினேனே, அதில் நானும் உண்டு. அவள் பட்ட வலி எனக்குத் தெரியும். டம்ளர் பிடிக்க முடியாதவள் இரண்டொரு நாள் போகாமல் இருந்திருந்தால்கூடத் தப்பில்லை என்று என் மனசு வாதாடியது. அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ரத்தினா, நீ எல்லா நாளும் போனியா?"

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குப் போய் எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாய்விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது என்பது அந்த இரண்டு நாளில் எனக்கு நன்றாக விளங்கியது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவள் பயப்படவில்லை, தேட ஆரம்பித்தாள். தொட்டி ஒழுகுகிறதா? ஒழுகினால் அளவு கூடத்தான் செய்யுமே தவிரக் குறையாது. யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா? பூட்டு பத்திரமாக இருந்தது. ஊசி வளைந்திருக்கிறதா? நேராகத்தான் நின்றது. பிறகு கொசு மருந்து ஊற்றுகிற தயாளன்மேல் சந்தேகம் வந்தது. அந்த மாதங்களில் அவர் கேனும் கையுமாக அலைந்து, கண்ணில் பட்ட தண்ணீரிலெல்லாம் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வலைக்கு மேலிருந்தே ஊற்றிவிடலாமே. தெருவில் மறித்துக் கேட்டாள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாக்கா, உன் தொட்டிய நான் ஏன் தொடப்போறேன்? நீதான் டெய்லி கைய வுட்டுத் தொயாவிகினு கீறியே, அதுல எந்தக் கொசு வந்து குந்தும்?"

நியாயமான பேச்சு. எண்ணெய் ஊற்றியிருந்தால் நிறம் ஓடியிருக்கும், அவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

ஞாயிறு மத்தியானம் கோயிலிலிருந்து வந்ததும் ரத்தினா ஜஹானாரா வீட்டு மாடிக்குப் போனாள். கொடியில் துணி காயப்போட விரல் வரவில்லை என்று அவளுடைய துணியையும் ஜஹானாராதான் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நோன்பு ஆரம்பம், வீட்டில் வேலை தலைக்குமேல். ஜஹானாரா அலுத்துக்கொண்டே ஒன்று சொன்னாள். குருவிக்கு வைக்கிற சட்டியில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயந்தரத்துக்குள் வற்றிப்போகிறது, அதுக்கு ஓடி ஓடி ஊற்ற வேண்டியிருக்கிறது, பக்கத்திலேயே கிரீம் கரண்டி ஊறப்போட்ட டப் மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது, குருவி குடிக்கிறதுதான் காரணம் போல என்றாள்.

பேச்சுக்குச் சொன்னதுதான். ரத்தினா அங்கேயே நின்றுவிட்டாள். டப்பைப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. நிறம் எதுவும் ஓடவில்லை. கரண்டியில் என்ன ஒட்டியிருந்தது என்று கேட்டாள். மெழுகுச் செதில் உருக்கிய கரண்டி என்றாள் ஜஹானாரா. உங்கள் விரலில் பூசியிருக்கிறதே, அதே மெழுகு என்றும் சொன்னாள்.

ரத்தினா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ஜஹானாரா பிறகு என்னிடம் சொன்னது இது. அக்காவுக்குத் தலைசுற்றல் என்று நினைத்து நாற்காலி எடுக்க ஓடினாளாம்.

தலைசுற்றல் இல்லை. ரத்தினா இறங்கி வந்து, இரண்டு நாள் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "ஒரே அளவுல மூணு பேசின் வேணும்" என்றாள். நான் மூட்டுவலியை மறந்து எழுந்தேன்.

மூன்று எவர்சில்வர் பேசின்களும் ஜஹானாரா வீட்டிலிருந்துதான் வந்தன. எங்கள் மொட்டை மாடியில் வரிசையாக வைத்தோம். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்று வெறும் தண்ணீர். இரண்டாவதில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மூன்றாவதில், மருந்து பூசி வெறும் தண்ணீரில் இரண்டு முறை கழுவிய விரலை ஒரு தடவை முக்கி எடுத்தாள். அவ்வளவுதான். மேலே கொசுவலைத் துண்டைக் கட்டினோம். மறுநாள் அதே நேரத்தில் அளந்தாள். வெறும் பேசினில் எண்ணூறு மில்லி போயிருந்தது. எண்ணெய் பேசினில் எழுநூற்று எழுபது. விரல் பேசினில் நானூற்று எண்பது.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத மெழுகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. நாலு நாள் திரும்பத் திரும்பச் செய்தோம், நாலு நாளும் அதேதான். இதற்கிடையில் நிலையத்துத் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினாள். காலையில் மருந்து பூசுவதையும் விட்டுவிட்டாள். மறுநாள் அளவு ஐந்து புள்ளி ஒன்பது. பக்கத்து நிலையத்துக்கு போன் போட்டுக் கேட்டாள். அங்கே ஆறு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்கு அடி சறுக்கியது அஜாக்கிரதையால் இல்லை, அதி ஜாக்கிரதையால். வடிகட்டியால் அள்ளியிருந்தால் இது நடந்திருக்காது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் மெழுகு போயிருக்கும். ஏன், வலிக்கிறது என்று வீட்டிலேயே படுத்திருந்தால்கூட மெமோ வந்திருக்காது. மெடிக்கல் லீவு போட்டு, பதிவேட்டில் கோடு இழுத்திருப்பார்கள்.

விளக்கம் எழுத உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நாற்பத்தொரு அளவுகளும் நான் நிலையத்தில் நேரில் எடுத்தவை. தொட்டியிலிருந்து போன தண்ணீர் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் சுத்தமாக இல்லை. அதற்குக் காரணம் என் கை." கடைசி வரி வேண்டாம் என்று கெஞ்சினேன். தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும், நீயாக ஏன் போய் மாட்டிக்கொள்கிறாய் என்றேன். எனக்கு நாற்பது வருஷ ஆபீஸ் அனுபவம். அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அந்தக் கடைசி வரியை மட்டும் தானே திரும்ப எழுதினாள். வீங்கிய விரலால் எழுதிய எழுத்து கோணிக்கொண்டு போனது. என் அழகான கையெழுத்துக்குக் கீழே அந்த ஒரு வரி தனியாகத் தெரிந்தது.

அக்டோபர் முதல் வாரம் ஏகநாதன் நேரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நெருப்பில்லாமல் புகையாது என்று முடிவோடு வந்தவர். கையில் பதிவேடும் பக்கத்து நிலையத்துக் கோப்பும். மாடிக்குக் கூட்டிப்போனோம். ஜஹானாராவும் வந்து ஓரமாக நின்றாள். பேசின்களைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார், தலையசைத்தார். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

ரத்தினா வெறும் பேசினில் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தூவினாள். தண்ணீர் முழுக்க வெள்ளையாகப் பரவி நின்றது. மருந்து டப்பாவைத் திறந்து விரலில் தடவி, ஸ்பிரிட் பறக்கும்வரை ஊதினாள். சொம்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினாள். அவர் கண்முன் காட்டிவிட்டு, விரல் நுனியால் நடுவில் ஒரு தொடு தொட்டாள். பவுடர் அத்தனையும் ஓட்டமாக ஓடிப் பேசினின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. நடுவில் சுத்தமான தண்ணீர். விரலிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி, தண்ணீர் முழுக்கத் தன்னைப் பரப்பிக்கொண்டு, பவுடரைத் தள்ளிவிட்டிருக்கிறது. அது என்ன என்று குனிந்து குனிந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

ஏகநாதன் அதை மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி செய்தாள். பிறகு அவரே எங்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மெழுகின் துகள்கள் தண்ணீர்மேல் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்குமாம், காலை நேரத்துத் தாம்பரம் பஸ்போல. ஒரே ஓர் அடுக்கு. அந்த நெருக்கத்தில் தண்ணீர் எளிதில் தப்பிக்க முடியாது. பெரிய பெரிய ஏரிகளில்கூட இதைத் தூவிப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் காற்றடித்தால் கிழிந்து கரையில் ஒதுங்கிவிடும், தினமும் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "தினமும்" என்று சொன்னபோது தன் பேச்சைத் தானே கேட்டதுபோல் நின்றார். பதிவேட்டைத் திறந்தார்.

விரலை வைத்துக்கொண்டு தேதிகளில் இறங்கினார். செப்டம்பர் ஒன்று வரை நாலு. இரண்டாம் தேதி ஆறு புள்ளி ஒன்று. மூன்றாம் தேதி ஆறு. நாலாம் தேதி ஐந்து புள்ளி எட்டு. ஐந்தாம் தேதி திரும்ப நாலு.

"மேடம், ஒண்ணாந்தேதி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

ரத்தினா பதில் சொல்வதற்குமுன் ஜஹானாரா சொன்னாள். முதல் டப்பா முப்பத்தொன்றாம் தேதி காலையோடு தீர்ந்துபோனது, ஒன்றாம் தேதி பூச மருந்தில்லை. அன்றைக்கு ஜஹானாராவுக்கே காய்ச்சல், எழுந்து புதிதாகக் காய்ச்ச முடியவில்லை. நாலாம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில்தான் அடுத்த டப்பாவை அக்கா கையில் கொடுத்தாள். பார்லர் ஆர்டரும் அன்றைக்குத்தான் கொடுத்தனுப்பினாள், அதனால் தேதி மறக்கவில்லை.

ஏகநாதன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று காலைகளில் மருந்து இல்லாத கை. அதன் பலன் மறுநாள் அளவில் தெரியும். இரண்டு, மூன்று, நாலு. வீட்டில் உட்கார்ந்து எண்களை இட்டுக்கட்டுகிற எவளுக்கும் இப்படி எழுதத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்தக் கை அந்தத் தண்ணீருக்குள் போயிருந்தால் மட்டுமே இந்தப் பதிவேடு இப்படி இருக்க முடியும்.

"மெமோவுல அந்த மூணு நாள் மட்டும்தான் நீங்க வந்தீங்கன்னு நான் எழுதியிருந்தேன்" என்றார் மெதுவாக.

"மருந்து இல்லாத அந்த நாள்லதான் சார் எனக்கு நடக்கவே முடியல" என்றாள் ரத்தினா.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த மூன்று காலைகளில் நான் உள்ளறையில் படுத்துக் கிடந்தேன். அவள் எப்படிப் போனாள், எங்கே எங்கே உட்கார்ந்து எழுந்தாள், ஊசி முனையைக் குனிந்து பார்க்க எத்தனை நேரம் ஆயிற்று, ஒன்றும் எனக்குத் தெரியாது.

ஏகநாதன் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் மருந்து பட்ட முப்பத்தெட்டு நாள் அளவுகள் ஏரிக் கணக்குக்கு உதவாது, அவற்றைச் சிவப்புக் கோடிட்டு அடித்துவிடலாம் என்றார். அப்போதுதான் ரத்தினா குரலை உயர்த்தினாள்.

"அடிக்காதீங்க சார். கணக்குக்கு எடுத்துக்க வேணாம், பக்கத்துல காரணத்தை எழுதுங்க. ஆனா அளவு பொய்யில்ல. கோடு போட்டா அன்னிக்கு நான் வரலைன்னு ஆயிடும்."

அவர் யோசித்துவிட்டுச் சரியென்றார். குறிப்புப் பத்தியில் தானே எழுதித் தருவதாகப் பேனாவை எடுத்தார். ரத்தினா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பதிவாளரின் கையில் இருந்த மெழுகு மருந்தால் நீர்ப்பரப்பில் படலம், அளவு சரி, நீர் சரியில்லை" என்று எழுதி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார். மெடிக்கல் லீவு இருக்கே மேடம், ஒரு மாசம் போட்டிருக்கலாமே, யார் கேட்டிருக்கப் போறாங்க என்றார்.

"தண்ணி லீவு போடலயே சார்" என்றாள். பெருமைக்குச் சொல்லவில்லை. பஸ் நம்பர் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அப்போது அவள் அடுப்பில் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். நின்றபடியே சத்தமாகப் படித்தேன். "மேற்படி மெமோ ரத்து செய்யப்படுகிறது. ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 19 வரை உள்ள நாற்பத்தொரு அளவுகளும் பதிவாளர் திருமதி வே. ரத்தினபாய் அவர்களால் நிலையத்தில் நேரில் எடுக்கப்பட்டவை என உறுதி செய்யப்படுகிறது." பாதியில் வரி தப்பி, திரும்ப முதலிலிருந்து படித்தேன். ஸ்டேஷனில் வாழ்நாளெல்லாம் ஊர்ப்பெயரைக் கத்திக் கேட்டு டிக்கெட் கொடுத்தவன், ஒரு கடிதத்தை ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

ரத்தினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். ஒரு தடவை தானே படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெமோ வந்த அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"எல்லா நாளும் போனேங்க."